ஐநூறோடு இறங்கிய மதினிக்கு

மதினி,

பாரீசுக்கு, மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். நேற்று மாலை டி.வி.யில் ஒரு வினாடி வினா ஓடியது. வணக்கமும் நன்றியும் தவிர எனக்கு பிரெஞ்சில் ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. அவள் தலைக்கு மேல் பெரிய தொகை ஒன்று மின்னியது. "இப்ப நிறுத்துனா அம்புட்டும் அவளுக்குத்தான் அத்தை. அடுத்ததுக்குத் தப்பாச் சொன்னா எல்லாம் போயிரும்" என்றாள் மருமகள். "இதை நாங்க அருப்புக்கோட்டையிலேயே ஆடிட்டோம்" என்றேன். அவள் நம்பவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஊர் வியாபாரிகள் சேர்ந்து பொருட்காட்சி போட்டார்கள். ராட்டினத்தையும் டெல்லி அப்பளக் கடையையும் தாண்டினால் அந்த மேடை. ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் ஏறலாம். கேள்விக்குக் கேள்வி பரிசு கூடும். கடைசிக் கேள்விக்கு ஆயிரம் ரூபாய். எந்த இடத்திலும் போதும் என்று வாங்கிக்கொண்டு இறங்கலாம். தவறினால் வெறுங்கை.

நீங்கள் என் வீட்டுக்காரரின் அக்கா. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே புருஷனை இழந்து, தம்பி வீட்டுக்கு வந்துவிட்டவர். நான் திருச்சுழியிலிருந்து வாக்கப்பட்டு வந்தபோது, அந்த வீட்டில் பத்தாவதைத் தாண்டியவர்கள் நாம் இருவர்தான். பருப்பைப் புடைத்துக்கொண்டே "நைல் நதி எந்தக் கடல்ல போய் விழுது?" என்பீர்கள். சொல்லிவிட்டு நான் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன். பந்தல்குடியில், தூத்துக்குடி ரோட்டு மேலே, சொந்தமாக ஒரு பலசரக்குக் கடை போடுவதுதான் உங்கள் ஆசை. டவுனில் கடை வைத்திருந்த இவரிடம் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்: "முதலுக்கு எங்க போறது அக்கா?"

அன்றைக்கு மைக்கில் ஆள் கூப்பிட்டதும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறிவிட்டீர்கள். கீழே நின்ற இவர் முகம் கறுத்துப்போனது.

"நம்ம வீட்டுப் பொம்பளைக மேடையில நிக்கிறதா? இறங்குக்கா."

"ஏறியாச்சுல்ல தம்பி. செத்த நேரம் பொறு."

நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். நீங்களோ, கடையில் சாமான் கேட்பவரைப் போல ஒவ்வொரு பதிலையும் உரக்கச் சொன்னீர்கள். உங்களுக்குத் தெரியாததை நான் சொன்னேன். ஐநூறு என்று அறிவித்தபோது கூட்டம் எழுந்து நின்றது.

"அடுத்தது ஆயிரம்! ஆடுறீகளா, இறங்குறீகளா?"

"ஆடுங்கம்மா!" என்று நாலா பக்கமும் சத்தம். நானும்கூட, "ஆடுவோம் மதினி" என்று உங்கள் முழங்கையைப் பிடித்து உலுக்கினேன்.

"போதும். குடுங்க" என்று கையை நீட்டினீர்கள்.

கூட்டம் உச்சுக்கொட்டியது. மைக்குக்காரர் விடவில்லை. சும்மா கேட்டுப் பார்ப்போமே என்று அந்தக் கேள்வியைப் படித்தார்: உலகத்திலேயே பெரிய தீவு எது? "கிரீன்லாந்து" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். சரியான விடை! அன்றைக்கு மைதானம் சிரித்த சிரிப்பு பாளையம்பட்டி வரைக்கும் கேட்டிருக்கும்.

வீட்டுக்கு நடக்கையில் இவர் புலம்பிக்கொண்டே வந்தார். "ஆயிரத்த விட்டுட்டு வாரீகளே. சரி, இருக்கிறத நம்ம கடை முதலோட சேத்துக்கிருவோம்."

"இது பந்தல்குடிக்கு, தம்பி" என்றீர்கள். அவர் வேகமாக முன்னால் நடந்தார்.

எனக்குத்தான் ஆறவில்லை. "எனக்குத் தெரிஞ்ச கேள்வி மதினி அது."

"தெரிஞ்ச கேள்வின்னு இப்பத்தான தெரியுது? ஐநூறுன்னு அவுக சொன்ன ஒடனே நான் மனசுக்குள்ள கடையத் தெறந்துட்டேன்டி. தெறந்த கடையக் கொண்டுபோய்ப் பந்தயத்துல வைக்கச் சொல்றியா?"

முன்பு நீங்கள் ஆயிரத்துக்குக் கணக்குப் போட்டிருந்த கடை ஐநூறுக்குள் சுருங்கியது. ஓட்டுக் கூரை தகரமானது, இரண்டு பெஞ்சு ஒன்றானது. ஊரில் அதைக் கேலியாக "கிரீன்லாந்து கடை" என்றார்கள். நான் கூசிப்போனேன். நீங்கள் பெயிண்டரைக் கூப்பிட்டு அதே பெயரைப் பலகையில் எழுதச் சொன்னீர்கள், பச்சை நிறத்தில். அப்புறம் யார் கேலி செய்வது? லோடு ஏற்றிக்கொண்டு போகிற லாரிக்காரர்கள் "கிரீன்லாந்துல நிப்பாட்டு" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மழை பொய்த்து டவுனில் வியாபாரம் படுத்தபோது, வீட்டில் உலை கொதித்தது உங்கள் கடையால்தான். சரக்கு மூட்டையைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்து இறக்கியவர், மேடையிலிருந்து உங்களை இறங்கச் சொன்ன அதே தம்பி.

கையுதவிக்கு ஆள் வேண்டும் என்று என்னையும் பஸ்ஸேற்றிக் கூட்டிப்போனீர்கள். முதல் நாளே ஒரு டிரைவர் கடையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆம்பள யாரும் இல்லையா?" என்றார். நான் பின்னுக்கு நகர்ந்தேன். நீங்கள் தராசைத் துடைப்பதை நிறுத்தவே இல்லை.

"சாமான் இருக்கு, தராசு இருக்கு, நாங்க ரெண்டு பேரு இருக்கோம். ஒங்களுக்கு என்ன வேணும், அதச் சொல்லுங்க."

அவர் வெல்லமும் தீப்பெட்டியும் வாங்கிப் போனார்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு கடை என் கைக்கு வந்தது. இந்தக் காலத்திலும் சரக்குப் போட வரும் கம்பெனி ஆட்கள் பைக்கை நிறுத்திவிட்டு "ஓனர் இல்லையாம்மா?" என்று என்னிடமே கேட்கிறார்கள். நான் பின்னுக்கு நகர்வதில்லை, மதினி. என்ன வேணும் என்று கேட்கிறேன்.