சோதித்தவர்: செல்வம்

செவ்வாய்க்கிழமை, மழை.

இருபது வருடங்களுக்கு முன், யாரும் கைவைக்கக்கூடிய பொது நிரலாக வந்த தமிழ்த் தட்டச்சு மென்பொருளுக்கு நான் திருத்தங்கள் எழுதி அனுப்புவேன். அனுப்புமுன் அதைச் சீடியில் பதிந்துகொண்டு, கொழும்பு வெள்ளவத்தையில் பஸ் ஏறி, கொட்டாஞ்சேனையில் இருந்த நண்பன் செல்வத்திடம் போவேன். தன் கிழட்டுக் கணினியில் சோதித்துப் பிழை சொல்வான். கொத்து ரொட்டி வாங்கிக் கொடுப்பேன். அனுப்பும் திருத்தத்தில் அவன் பெயரை மட்டும் ஒருநாளும் போட்டதில்லை.

அந்தக் குறுகுறுப்பில், அதே மென்பொருளுக்கு இன்று காலை அனுப்பிய திருத்தத்தின் அடியில் “சோதித்தவர்: செல்வம்” என்று நானாகவே எழுதிவிட்டேன். மென்பொருளின் பொறுப்பாளரான பெண் மத்தியானமே திருப்பி அனுப்பிவிட்டாள்: “அதைச் சோதித்தவரே வந்து சொல்ல வேண்டும்.”

செல்வத்துக்கு போன் எடுத்தேன். “மச்சான், பார்த்தனான் எண்டு ஒரு வரி எழுதிவிடன்.”

“பாக்காமல் எப்பிடியடா எழுதுறது? வழுக்கை விழுந்தும் உனக்குப் புத்தி வரேல்லை. அனுப்பு.”

ஒரு மணித்தியாலத்தில் அவளுக்கே எழுதிவிட்டான்: “சோதித்தேன். ‘ஸ்ரீ’ என்று அடித்தால் எல்லாம் உறைந்துபோகிறது.”

எனக்கு வெட்கத்தைவிடச் சிரிப்புத்தான் வந்தது. அந்தக் காலத்திலும் வாய் நிறைய மென்றுகொண்டே இப்படித்தான் மானத்தை வாங்குவான்.

பின்னேரம் பிழையைத் தீர்த்து அனுப்பினேன். “பிழையைக் கண்டவர்: செல்வம்” என்ற வரியை அவள் மறுக்கவில்லை. அவனிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், பழைய பிழைகளுக்கெல்லாம் எங்கேயடா பெயர் என்று கேட்பான்.