மேலிருந்து மூன்றாவது வீடு

மாமா, கதவில் இன்னும் பெயிண்ட் வாசனை போகவில்லை. காலையில் வீட்டு நம்பர் எழுத ஒரு ஆள் வந்தார். "உங்க வூடு எத்தினாவதும்மா?" என்று கேட்டார். "எங்கேருந்து எண்ணுறீங்க?" என்றேன். சொன்னதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீ போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது இன்றைக்குத்தான். அவர் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

நீ பெண் பார்க்க வந்தாயே, அந்த நாள்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் தெருவில் ஏழு வீடு. உனக்குப் பேசியிருந்த பெண் ரோட்டுப் பக்கமிருந்து மூன்றாவது வீடு. தரகர் வெறுமனே 'மூணாவது வூடு' என்று சொல்லி அனுப்பிவிட்டார். பஸ் வராததால் நீயும் உன் பெரியப்பாவும் காவலூர்ப் பக்கமிருந்து காட்டு வழியாக நடந்து, தெருவின் மேல்முனையில் வந்து இறங்கினீர்கள். அங்கிருந்து எண்ணினால் மூன்றாவது எங்கள் வீடு.

பார்க்க வந்திருக்கிறோம் என்றார் பெரியப்பா. என் அப்பா கிடேரி ஒன்றை விற்பதாக ஊரில் சொல்லி வைத்திருந்தார். நேரே உங்களைக் கொட்டகைக்கு அழைத்துப் போய், ரொம்ப சாது, தீனி கொஞ்சம் போதும், புது ஆளைக் கண்டால் மட்டும் முட்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். பெரியப்பாவின் முகம் போன போக்கை நீ எத்தனை தடவை நடித்துக் காட்டியிருக்கிறாய். கிடேரிக்கு அந்தப் பக்கம் நான் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன். நீ கிடேரியைப் பார்க்கவே இல்லை.

அதற்குள் அந்தப் பெண்ணின் அப்பா தேடி வந்துவிட்டார். வீடு மாறி வந்துவிட்டீர்கள், வாருங்கள் என்றார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வாசலைத் தாண்டிவிட்டால் நீ எனக்கு இல்லை. நீ நகரவில்லை.

"ஏழு வூடு எந்தப் பக்கம் எண்ணுனாலும் ஏழுதான் பெரியப்பா. மூணாவது வூடு அப்படி இல்ல. நிக்கிற எடத்தப் பொறுத்து மாறும். நான் மேல நின்னு எண்ணிட்டேன்."

"அதுக்கு இன்னாடா, கீழ போய் நின்னு திரும்ப எண்ணு."

"எண்ணுனது எண்ணுனதுதான்" என்றாய்.

இதில் அதிகம் சந்தோஷப்பட்டவள் அந்த வீட்டுப் பெண். அவளுக்கு அத்தை மகன்மேல் ஆசை. நம் கல்யாணத்தில் எனக்குத் தலை பின்னிப் பூ வைத்தவளே அவள்தான்.

நான் படித்தது இரண்டாங்கிளாஸ். எத்தனை என்பது வேறு, எத்தனையாவது என்பது வேறு என்று எந்தப் பள்ளிக்கூடமும் எனக்கு இப்படிப் புரியவைத்ததில்லை.

புளி உலுக்கப் போனாலும் சந்தைக்குப் போனாலும் நமக்கு ஒற்றையடிப் பாதைதான். முள்ளை ஒதுக்கிக்கொண்டு நீ முதலில் போவாய், நான் இரண்டாவது. இப்போதும் அதே பாதையில்தான் போகிறேன். எண்ணினால் ஒரே ஆள். ஆனாலும் மாமா, நான் இரண்டாவதாகத்தான் நடக்கிறேன்.