ரயில் ஊர், பஸ் ஊர்

பிப்ரவரி 11, செவ்வாய்

வீட்டின் சொந்தக்காரர் இன்று மூன்று மாடி ஏறி வந்து, கதவருகிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார். மே கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். கட்டடத்தை இடித்துக் கட்டப் போகிறாராம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. உட்கார்ந்தால் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டி வருமே.

ஒன்பது வருடம் இங்கே. எங்கள் மகள் வாயாடி பிறந்ததே இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான். நகரத்துக்குள் வேறு வீடு நமக்குக் கட்டுப்படியாகாது என்பது போன வருடமே தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். வெளியேதான் போக வேண்டும். எந்தப் பக்கம் வெளியே? அதில்தான் வம்பு.

பிப்ரவரி 16, ஞாயிறு

என் ஆஸ்பத்திரி நகரத்தின் கிழக்குக் கோடி. என் கணவருடைய லிஃப்ட் கம்பெனி மேற்குக் கோடி. நடுவில் குடியிருந்ததால் இத்தனை காலம் இருவருக்கும் நாற்பது நிமிடம். இருவருக்கும் வேலை எட்டிலிருந்து ஐந்து. ஐந்தே முக்காலுக்கு வாயாடியைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வருவது நான். அவருக்கு எங்காவது ஒரு லிஃப்ட் நடுவழியில் நின்றுவிடும், ஏழாகிவிடும்.

தரகர் மூன்று ஊர் காட்டினார். ஒன்றில் ரயில் நிலையம் உண்டு, இன்னொன்றுக்குப் பஸ்தான், அதனால் அப்படியே பெயர் வைத்துக்கொண்டோம். ரயில் ஊர் மேற்கே. மூன்று அறை, நல்ல வெளிச்சம், அடுத்த தெருவில் பள்ளி. அவருக்கு இருபத்தைந்து நிமிடம், எனக்கு இரண்டே கால் மணி நேரம். பஸ் ஊர் கிழக்கே. இரண்டே அறை, சமையலறையில் ஒருவர் திரும்பினால் இன்னொருவர் வெளியே போக வேண்டும். எனக்கு அரை மணி, அவருக்கு இரண்டரை மணி. வடக்கே ஒன்று இருக்கிறது, இருவருக்கும் ஒன்றரை மணி.

"நியாயம்னா இதுதாங்க நியாயம்," என்றார் தரகர், வடக்கு ஊரைக் காட்டி.

"ஆமா, ரெண்டு பேரும் சமமா சாகலாம்," என்றேன். அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இருவருமே ஆறரைக்கு மேல்தான் வருவோம் என்றால் எட்டு வயதுப் பிள்ளை யாரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்? வடக்கு ஊரை அங்கேயே விட்டோம்.

பிப்ரவரி 19, புதன்

வாயாடி எட்டு மணிக்குத் தூங்கிவிடுவாள். எவ்வளவு பேசினாலும் எட்டு அடித்தால் கண் சொருகிவிடும், வாக்கியத்தின் நடுவிலேயே. ஆறிலிருந்து எட்டு வரைதான் அவளுடைய கடை திறந்திருக்கும். யார் யாரைக் கிள்ளினார்கள், எந்த டீச்சருக்குச் சளி, யாருடைய பல் எப்படி விழுந்தது, எல்லாம் அப்போதுதான். மறுநாள் காலையில் கேட்டால், "அது நேத்திக்கு" என்று கையை விரித்துவிடுவாள்.

அந்த இரண்டு மணி நேரம் இனிமேல் எங்களில் ஒருவருக்குத்தான். இதை இன்னும் நாங்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் ரயில் ஊரின் ஜன்னல்களைப் பற்றிப் பேசுகிறார். நான் பஸ் ஊரில் தண்ணீர் நன்றாக வருகிறது என்கிறேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்று ஒரு யோசனை சொன்னார். "ஒரு வாரம் ஒத்திகை பாத்துடலாம். ரயில் ஊருக்குப் போயிட்டோம்னு வெச்சுக்க. அஞ்சரைக்குக் கிளம்பு, ரெண்டே கால் மணி நேரம் எங்கயாவது சுத்திட்டு வேலைக்குப் போ. சாயங்காலமும் அதே மாதிரி. நான் அஞ்சு மணிக்கே கிளம்பி அவளைக் கூட்டிட்டு வந்துடறேன்."

வேறு யாரும் சொன்னால் பைத்தியமா என்று கேட்டிருப்பேன். எங்கள் இருவருக்கும் இது தொழில் புத்தி. ஆளேற்றும் முன் இரும்புக் கட்டிகளை ஏற்றி ஓட்டிப் பார்க்காமல் எந்த லிஃப்டையும் அவர் விடமாட்டார். நான் அறுவைக் கருவிகளைக் கழுவிக் கட்டி ஆவியில் வேகவைக்கும் அறையில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். கட்டின் மேல் ஒட்டும் நாடாவில் கோடுகள் கறுத்தால்தான் வெந்தது என்று அர்த்தம். கறுக்காமல் ஒரு கட்டும் என் கையைத் தாண்டியதில்லை.

"அப்ப இரும்புக் கட்டி நானா?" என்று கேட்டேன்.

"அந்த வெயிட்டு இருக்கியே," என்றார். அடி வாங்கினார்.

சரி என்றுவிட்டேன். எங்கள் இரண்டு பேரின் புத்திக்கும் ஒன்று தோன்றவில்லை. ரயில் ஊரை மட்டும் ஒத்திகை பார்த்தால் அது ஒரு ஆளுக்கு மட்டும்தானே ஒத்திகை?

மார்ச் 3, திங்கள்

நாலே காலுக்கு எழுந்தேன். ஐந்தரைக்குக் கிளம்பி, நகரத்தைச் சுற்றிவரும் வட்டப் பேருந்தில் ஏறினேன். ஒரு சுற்று, அப்புறம் இன்னொரு அரைச் சுற்று. கண்டக்டர் இரண்டாவது முறை டிக்கெட் கேட்கும்போது ஒரு மாதிரி பார்த்தார். "எங்கம்மா போகணும்?" "எங்கயும் இல்ல," என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவர் என் பக்கமே வரவில்லை.

மாலையும் அதே. வீட்டுக்குள் நுழைந்தபோது ஏழு இருபது. சாப்பாடு ஆகிவிட்டது. பல் துலக்கியாயிற்று.

"இன்னிக்கு என்னடி ஆச்சு?"

"அப்பாகிட்ட சொல்லிட்டேனே."

மார்ச் 4, செவ்வாய்

சொல்லிட்டேனே. சொல்லிட்டேனே. பஸ்ஸில் முழுக்க அதுதான் காதில் ஓடியது. அப்பாகிட்ட சொன்னா என்ன, அவரும் பெத்தவர்தானே, இதுல அழறதுக்கு என்ன இருக்கு, கழுதை வயசாச்சு எனக்கு.

மார்ச் 5, புதன்

இடுப்பு விட்டுப்போகிறது.

மார்ச் 6, வியாழன்

எழுதாமல் இருக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

காலை பத்து மணிக்கு நான் ஒரு கருவிக் கட்டை எடுத்து, தயாரானவை போகும் வண்டியில் வைத்திருக்கிறேன். நாடாவில் கோடுகள் வெளுப்பாகவே இருந்திருக்கின்றன. வேகாத கட்டு. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் வைத்தேன். கண் பார்த்தது, தலைக்குப் போய்ச் சேரவில்லை. வண்டி கதவைத் தாண்டும் முன் கண்ணாடி அக்கா கையை நீட்டி எடுத்துவிட்டார். என்னோடு பத்து வருடம் வேலை செய்பவர், மூக்குக் கண்ணாடி இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை.

"உன் மூஞ்சியப் பாத்தா நல்லா வெந்திருக்கு. கட்டுதான் வேகல," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னம்மா ஆச்சு உனக்கு? இது நீ பண்ற வேலையா?" என்றார்.

யார் வயிற்றுக்குள் போகவிருந்த கத்தியோ அது. மத்தியானம் வரை ஒவ்வொரு கட்டையும் இரண்டு முறை திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலே நாள்தான் ஆகியிருக்கிறது. வருடக் கணக்கில் இப்படிப் போனால்?

மார்ச் 7, வெள்ளி

ஒத்திகையின் கடைசி நாள். இன்றைக்கு ஏமாற்றினேன். மாலையில் பேருந்தில் சுற்றாமல், அவர்கள் வீட்டுக்குள் போயிருப்பார்கள் என்று ஆறு மணிக்கு மேல் வந்து, எங்கள் மாடிக்கு ஒரு வளைவு கீழே படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன், ஏழு இருபது ஆகட்டும் என்று. மேலே எங்கள் வீட்டுச் சத்தம் முழுக்கக் கேட்டது. வாயாடி ஏதோ சொல்கிறாள், அவர் "அப்புறம்?" என்கிறார். மறுபடி அவள், மறுபடி "அப்புறம்?" அந்த மனிதர் இத்தனை "அப்புறம்" சொல்லி நான் கேட்டதே இல்லை. என்னிடம் ஒரு "ம்" போட்டாலே பெரிய விஷயம். ஒன்றேகால் மணி நேரம் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

வெடித்துவிட்டது.

நான் கட்டு விஷயத்தைச் சொன்னேன். பயந்துபோய்விட்டார். பயத்தில் வாயில் வந்தது, "அப்ப வேலைய விட்டுடேன்."

அவ்வளவுதான். நான் என்னென்ன சொன்னேன் என்று எழுதினால் இந்த நோட்டே கருகிவிடும். ஊரு பாக்கறது நீங்க, ஜன்னலு எண்றது நீங்க, பஸ்ஸுல நாய் மாதிரி சுத்தறது நானா? பதினாலு வருஷத்துல ஒரு தப்பு பண்ணாதவ நான், உங்க ஒத்திகைல நாலாம் நாளே பண்ணினேன், ஏன் நீங்க ஒரு நாளு சுத்திப் பாருங்களேன்! வாயாடி உள் அறையில் இருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கத்தினேனோ என்னவோ.

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. துவைத்த துணியை மடித்துக்கொண்டே இருந்தார். கடைசிச் சட்டையை வைத்துவிட்டு, "தப்பா எடுத்துக்காத. இந்த ஒரு வாரம்தான் நான் அவகூடப் பேசினேன். எட்டு வருஷத்துல. அவ தினமும் இவ்வளவு பேசுவாள்னே எனக்குத் தெரியாது. அது கையை விட்டுப் போயிடுமோன்னு…" என்றார்.

திட்டுவதற்கு இன்னும் பாதி பாக்கி இருந்தது. அப்படியே நின்றுவிட்டது.

மார்ச் 12, புதன்

அவரே தரகருக்குப் போன் செய்து பஸ் ஊர் வீட்டை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார். என்னிடம் சொன்னது அதற்கப்புறம்தான்.

"உங்களுக்கு ஒரு வாரம் ஒத்திகை வேணாமா?"

"வேணாம். பாத்தா மனசு மாறிடும்."

சந்தோஷம்தான். சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். தட்டைக் கழுவும்போது எதற்கோ அழுகை வந்தது.

மே 31, சனி

மாறிவிட்டோம். பீரோ படிக்கட்டில் திரும்பவில்லை. லிஃப்ட் இல்லாத கட்டடத்துக்கு ஒரு லிஃப்ட் மெக்கானிக் குடிவந்திருக்கிறார் என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

ஜூன் 12, வியாழன்

ஐந்து மணிக்கு எழுந்து, ஐந்தே காலுக்குப் போய்விடுகிறார். ஒரு பஸ், ஒரு ரயில், மறுபடி ஒரு பஸ். வேலை முடியவே ஐந்தரை ஆகிவிடுவதால் வரும்போது எட்டு, எட்டே கால். வாயாடி அதற்குள் தூங்கிவிடுகிறாள். திங்களிலிருந்து சனி வரை தூங்குகிற பிள்ளையைத்தான் பார்க்கிறார். நேற்று அவள் பாதத்தை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு, "வளந்துட்டா" என்றார். பத்து நாளில் எங்கே வளர்வாள்?

எனக்குத் தூக்கம் சரியாகிவிட்டது. கட்டுகளெல்லாம் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிகின்றன. "இப்பத்தான் பழைய ஆளு," என்கிறார் கண்ணாடி அக்கா. இதை வீட்டில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

தினமும் ஏழு மணிக்கு ரயிலிலிருந்து கூப்பிடுகிறார். அந்த நேரம் வாயாடி குளியலறையில் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பாள். போன் என்றால் அவளுக்குப் பேச வராது, "ம், சாப்ட்டேன், சரிப்பா" அவ்வளவுதான். அதனால் என்னைத்தான் கேட்கிறார். "இன்னிக்கு என்ன சொன்னா?" நான் ஒன்றுவிடாமல் ஒப்பிக்கிறேன், அவள் குரலிலேயே, கை ஆட்டுவது உட்பட. போனில் கை தெரியாது என்பது ஆட்டிய பிறகுதான் ஞாபகம் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை அவளே அவர் மேல் ஏறி உட்கார்ந்து வாரம் முழுவதையும் மறுபடி சொல்வாள். அவர் அன்றுதான் கேட்பதுபோலக் கேட்பார். "அய்யய்யோ, அப்புறம்?" என்பார். நடிப்பு பரவாயில்லை.

ஜூன் 26, வியாழன்

ரயிலில் நின்றுகொண்டே தூங்கிவிட்டாராம், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தார். ஒன்பதே கால். சாப்பிடாமல் படுத்துவிட்டார். எனக்குக் கொடுக்க இருந்த பாரத்தை அவர் தூக்கிக்கொண்டிருக்கிறார், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேறு வழி இருந்ததா? இன்னமும் யோசிக்கிறேன், ஒன்றும் அகப்படவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

பள்ளி மணி கதையை இன்று அவரிடம் சொன்னாள். புதன்கிழமை மணி சிக்கிக்கொண்டு கால் மணி நேரம் நிற்காமல் அடித்ததாம். பெரிய வாத்தியார் நாற்காலி மேல் ஏறி, கையாலேயே எல்லோரையும் உட்காரச் சொன்னாராம். கடைசியில் தாங்க முடியாமல் "வாயை மூடு!" என்று அவர் கத்தவும், அந்த நொடியில் மணி நிற்கவும் சரியாக இருந்ததாம்.

வாத்தியார் நாற்காலியில் ஏறும்போதே இவர் சிரித்துவிட்டார். குலுங்கிக் குலுங்கி.

வாயாடி நிறுத்திவிட்டாள். அவரைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தேன். மிச்சக் கதையைச் சொல்லி முடித்தாள், ஆனால் சும்மா, பாடம் வாசிப்பதுபோல.

ஜூலை 7, திங்கள்

பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும்போது வாயாடி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அம்மா, இன்னிக்கு ஒரு விஷயம் நடந்துச்சு. பெரிய விஷயம். ஆனா உன்கிட்ட சொல்ல மாட்டேன்."

"ஏன்டி?"

"நீ அப்பாகிட்ட சொல்லிடுவே. அப்பறம் நான் சொல்றப்ப அப்பாவுக்கு ஒண்ணும் இருக்காது. ஞாயித்துக்கிழமை நானே சொல்றேன்."

வீடு வரை வாயைத் திறக்கவில்லை. சாப்பிடும்போது இரண்டு முறை சொல்ல வந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த நேரத்துக்காகத்தானே இவ்வளவு சண்டையும். எதிரே உட்கார்ந்து அவள் பொத்திக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழு மணிக்குப் போன் வந்தது. பின்னால் ரயில் சத்தம்.

"இன்னிக்கு என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலங்க."

"ஒண்ணுமே சொல்லலயா? உடம்பு கிடம்பு சரியில்லயா அவளுக்கு?"

"நல்லாத்தான் இருக்கா. உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்கா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் யாருக்கும் கிடையாதாம், எனக்கும் சேத்துத்தான்."

லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து, இரண்டு முறை ஹலோ ஹலோ என்றேன்.

"எனக்கா?" என்றார்.