கேம்ப் ரோட்டில் பச்சை வானம்

சேலையூர்,
மார்ச் 2004

அன்புள்ள மச்சானுக்கு ஸலாம்.

நார்வேயில் நம் மகள் மெஹ்ரீனுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகி, போன மாதம் ஊர் திரும்பினேன். பேத்திக்கு உங்கள் மூக்கு.

அங்கே ஒருநாள் சாயங்காலம், வடதுருவ வெளிச்சம் வந்திருக்கிறது என்று மாப்பிள்ளை கூப்பிட்டார். வெறும் கண்ணுக்கு அடுப்புப் புகை மாதிரிதான் தெரிந்தது. உங்கள் பழைய கேமராவை ஸ்டாண்டில் வைத்து, ஒரு அல்ஹம்து சூரா ஓதி முடிக்கிறவரை ஷட்டரைத் திறந்து வைத்தேன்.

"மாமி, விரல் விறைச்சுடும், உள்ள வாங்க."

"ரோல் முடியட்டும் மாப்ளே."

இங்கே வந்து பிலிமைக் கழுவினால், வானம் முழுக்கப் பச்சை! எனக்குக் கேமரா கை வராது என்பீர்களே, இந்தக் கடிதத்தோடு ஒரு பிரிண்ட் வைத்திருக்கிறேன், பாருங்கள்.

அதைப் பெரிதாக்கி, கேம்ப் ரோட்டில் நம் ஸ்டூடியோ வாசலில் மாட்டினேன். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் உள்ளே வந்து, யார் எடுத்தது என்று கேட்கிறார்கள். "நான்தான்" என்கிறேன். மாடம்பாக்கம் அங்காளம்மாள் அக்கா தன் மகள் கல்யாணத்துக்கு என்னையே படம் எடுக்கச் சொல்லிவிட்டார்.

கடையை விற்கச் சொல்லி மறுபடியும் எழுதியிருந்தீர்கள். வாங்க வந்தவரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ரியாத் வேலை போதும் என்று தோன்றும்போது வாருங்கள். எனக்கு லைட் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி