எல்லா நாளும் முப்பத்தேழு

2 ஜூன் 2024, ஞாயிறு

சிலமலை பஸ்சில் முன் இருக்கை கிடைத்தது. வல்லி, மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான இல்லத்தின் வாசலிலேயே நின்றாள். அவர்கள் நோட்டில் சந்திரவல்லி. எனக்கு எப்போதும் வல்லிதான். அறுபத்தொரு வயதிலும் என் தங்கை முதலில் பார்ப்பது என் சட்டைப் பையை. முறுக்கு கொண்டு போயிருந்தேன். பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாக அடுக்கினாள். கடைசியில் பெரியதை எனக்குக் கொடுத்தாள்.

இடுப்பு எலும்பு முறிந்து நான் படுத்ததும் அவளை இங்கே சேர்த்தேன். ஏழு மாதம் ஆகிறது. சரியாகத்தான் செய்தேனா? ஒவ்வொரு ஞாயிறும் திரும்பி வரும்போது இதே கேள்வி.

9 ஜூன், ஞாயிறு

வல்லி இடது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்து இழுத்து வைத்துக்கொண்டாள். குனிந்து பார்த்தேன். புறங்காலில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து சிவந்திருக்கிறது. மஞ்சள் பூசியிருந்தார்கள்.

"என்னம்மா இது?"

"சூடு." கொஞ்சம் பொறுத்து, "ஆறல" என்றாள்.

வீட்டில் அவளுக்கு வாளித் தண்ணீர் வைக்கும்போது என் முழங்கையை விட்டுப் பார்த்து "ஆறட்டும்" என்பேன். அவளும் தன் முழங்கையை விட்டு "ஆறட்டும்" என்பாள். பிறகுதான் குளியல். நாற்பது வருடப் பழக்கம். சேர்க்கும்போது இதை இவர்களிடம் சொன்னேனா? படிவத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். 'தனிக் கவனம் தேவைப்படும் பழக்கங்கள்' என்ற இடத்தில் 'இல்லை' என்று இருக்கிறது. என் கையெழுத்துதான்.

12 ஜூன், புதன்

ஞாயிறுவரை பொறுக்க முடியவில்லை. மேலாளர் ஈஸ்வரன் உட்கார வைத்துப் பேசினார்.

"சின்னக் கொப்புளந்தான் சார். தினம் டிகிரி பாத்துத்தான் ஊத்துறோம். நீங்களே பாருங்க."

குளியல் தண்ணீர் நோட்டு. தேதி, சூடு, கையெழுத்து. ஏப்ரலிலிருந்து புரட்டினேன். முப்பத்தேழு. முப்பத்தேழு. முப்பத்தேழு. வல்லியின் கால் வெந்த அன்றும் முப்பத்தேழு. வருகிற சனிக்கிழமை வரைக்கும் எழுதியிருந்தது.

வெந்நீர் ஒரு நாள் இருப்பதுபோல் மறுநாள் இருக்காது. விறகு ஈரமானால் குறையும், காற்றடித்தால் ஏறும். போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் ஸ்டோரில் முப்பத்தோரு வருடம், காய் உலர்த்தும் அறையின் சூட்டை மணிக்கு ஒரு தரம் பார்த்து எழுதியவன் நான். இந்த மாதிரி எண்களை எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

"நாளைக்கு உள்ளதும் எழுதியிருக்கு போல..." என்று மெதுவாகச் சொன்னேன்.

அவர் நோட்டை மூடினார். "குறையாத் தெரிஞ்சா கூட்டிட்டுப் போயிருங்க சார். பதினெட்டுப் பேரு இந்த இடத்துக்குக் காத்துக் கிடக்காங்க."

"இல்ல, இல்ல. குறையெல்லாம் இல்ல" என்றேன்.

என்ன மனுசன் நான்! — கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. ஒரு வாளி தூக்க முடியாது. எங்கே கூட்டி வருவேன்?

13 ஜூன்

எழுதிவிடுகிறேன்.

1981 ஆகஸ்ட், மழை. ஸ்டோருக்கு இறங்கிப் போகச் சோம்பல்பட்டு, குவார்ட்டர்ஸில் உட்கார்ந்தபடியே ஐம்பத்திரண்டு, ஐம்பத்திரண்டு என்று ஒரு பகல் முழுவதற்கும் எழுதினேன். அன்றைக்குச் சூடு ஏறி, அறையிலிருந்த காய் அத்தனையும் கருகியது. நோட்டில் எல்லாம் சரியாக இருந்ததால் என்னை யாரும் கேட்கவில்லை. அடுப்புக்கு விறகு போட்ட மலைச்சாமிதான் கவனமில்லாமல் எரித்துவிட்டார் என்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஜீப்பு ஏறும்போது, "வர்றேன் சார்" என்றார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் செய்தேன்.

16 ஜூன், ஞாயிறு

குளிப்பாட்டுகிற தமிழ்செல்வி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், வல்லி பக்கத்தில். நோட்டைப் பற்றிக் கேட்டதும் அழுதுவிட்டாள்.

"பதினோரு பேரு அய்யா, நான் ஒருத்தி. ஒருத்திக்கு ஊத்துறதுக்குள்ள இன்னொருத்தி ஈரத்தோட ஓடுறா. டிகிரி பாக்குற குச்சி மார்கழியிலயே ஒடைஞ்சு போச்சு. கேட்டா, 'நீ எழுதி மட்டும் வையி'ன்னாரு. அன்னிக்கு அவசரத்துல பச்சத்தண்ணி வெளாவ மறந்துட்டேன். இவுக கத்தக்கூட இல்ல அய்யா. கால மட்டும் இழுத்துக்கிட்டாக."

வல்லி கொடியிலிருந்து ஒரு துண்டை உருவி அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

நான் மேலே எழுதிப்போட்டால் இவள்தான் ஜீப்பு ஏறுவாள். எழுதாவிட்டால் — அடுத்த வாளி.

19 ஜூன்

மலைச்சாமியின் ஊரான ராசிங்காபுரம் போனேன். அவர் இறந்து எட்டு வருடம் ஆகிறதாம். மகள் சுகன்யா மோர் கொடுத்தாள். நடந்ததைச் சொன்னேன். சரியாகச் சொன்னேனா தெரியவில்லை.

"அப்பா உங்க பேரச் சொன்னதே இல்லையே" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

20 ஜூன்

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குக் கடிதம். நான்கு வரைவு. 'பார்க்காமல் எழுதுவது எப்படி நடக்கும் என்பது எனக்குத் தெரியும், நானும் செய்திருக்கிறேன்' என்ற வரியை மூன்றிலும் அடித்தேன். நான்காவதில் விட்டுவிட்டேன். பதினோரு பேருக்கு ஒரு ஆள் என்பதுதான் பிழை, அந்த ஆள் அல்ல என்று முடித்தேன். பதிவுத் தபால்.

ரசீதை மூன்று முறை எடுத்துப் பார்த்தாயிற்று.

23 ஜூன், ஞாயிறு

போனேன். கடிதத்தைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. வல்லிக்கு முறுக்கு.

11 ஜூலை

ஈஸ்வரன் போன் செய்தார். "ரெண்டு அதிகாரிங்க வந்துட்டுப் போனாங்க. நீங்க நேரா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே சார்."

சொன்னேனே. மெதுவாகச் சொன்னேனோ?

வல்லியை அனுப்பிவிடுவார்களோ? உள்ளறையைப் பெருக்கி வல்லியின் கட்டிலை விரித்து வைத்திருக்கிறேன். அரை வாளி தூக்கிப் பார்த்தேன். நான்கு எட்டு நடக்க முடிந்தது.

14 ஜூலை, ஞாயிறு

தமிழ்செல்வி வாசலிலேயே மறித்தாள். "எழுதிப் போட்டீகளாமே! எங் கஞ்சியில மண்ணள்ளிப் போட்டீகளே அய்யா!"

கடிதத்தின் நகல் பையில் இருந்தது. கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். நான் அடித்து அடித்து எழுதிய வரியில் விரல் நின்றது.

"நீங்களுமா?"

"ஆமாம்மா."

மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "இங்கிட்டு நெழல்ல வந்து உக்காருங்க. டீ கொண்டாறேன்" என்றாள்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

பானுப்பிரியா என்று இன்னொரு பெண் வேலைக்கு வந்து மூன்று வாரம். வல்லியை அனுப்பக் கூடாது என்று அதிகாரிகள் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். ஈஸ்வரன் என்னைப் பார்த்தால் தலையை மட்டும் அசைக்கிறார். பரவாயில்லை.

நோட்டு இப்போது குளியலறைக்கு வெளியே ஆணியில் தொங்குகிறது. புரட்டினேன். 36. 38. 37. ஒரு நாள் 44 என்று எழுதி அடித்து, பக்கத்தில் 'வெளாவி 38'. புதன்கிழமை கட்டம் காலி. 'மோட்டார் ரிப்பேர், குளியல் இல்லை.' அந்தக் காலிக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சோலி கொறைஞ்சுச்சுன்னு பாத்தா, உங்க தங்கச்சி சூப்பர்வைசரு ஆயிட்டாக அய்யா" என்றாள் தமிழ்செல்வி. "நான் டிகிரி பாத்து எழுதி முடிச்சாலும், இவுக முழங்கைய விட்டு உத்தரவு குடுத்தாத்தான் மத்தவுக குளிக்கவே வர்றாக."

வல்லி இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்திருந்தாள். புண் இருந்த இடத்தில் புதுத் தோல். டீ வந்தது. நான் எடுப்பதற்குள் கிளாசைத் தன் பக்கம் இழுத்து, ஒரு விரலை வைத்துப் பார்த்தாள்.

"ஆறட்டும்ணே."

நாலரை பஸ்சு ரோட்டில் ஹாரன் அடித்தது. ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.