அளக்க வைத்த கருவி

அன்புள்ள அப்பா,

கால்வீக்கம் வடிந்ததா? நான் சௌக்கியம். போனில் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் டிக்கெட் வெப்சைட் அடிக்கடி படுத்துவிடுகிறது. எந்த ரிக்வெஸ்ட் எவ்வளவு மெமரி தின்கிறது என்று அளக்க ஒரு கருவி வைத்தேன். ஒவ்வொன்றையும் குறித்துக் குறித்து, மிச்சமிருந்த மெமரியை அதுவே தின்றுவிட்டது! நேற்று சர்வர் எழுந்திருக்கவே இல்லை.

"அளக்கறது நக்கோம்மா! திங்கட்கிழமைக்குள்ள சரியாகலேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்கிறார் மேனேஜர் ராகவேந்திரா. ('நக்கோ' என்றால் இந்த ஊரில் 'வேண்டாம்'.) அளக்காமல் எப்படியப்பா கண்டுபிடிப்பேன்?

பருப்புப்பொடி அனுப்புங்கள். இங்கே கொண்டாப்பூரில் கிடைப்பது ஒரே காரம்.

ஆபீஸ் வண்டி ஹாரன் அடிக்கிறது. அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடுங்கள், தினமும் "நல்லா இருக்கியா"ன்னு கேட்க வேண்டாம். "இருக்கேம்மா" என்று சொல்லிச் சொல்லியே, இருக்கிற தெம்பும் தீர்ந்துபோகிறது.

உங்கள்
ஆக்னஸ்