வேலியில் படர்ந்த வில்வம்

புரட்டாசி, பிரதோஷம். இரவு.

போன வாரம் அமெரிக்காவிலிருந்து மகள் சுமதி ஒரு கொடியின் படம் அனுப்பினாள். வீட்டு வேலியில் படர்ந்திருந்தது. காம்புக்கு மூன்று இலை. "வில்வமாப்பா?" என்று கேட்டாள். இலுப்பூர் பக்கத்தில் எந்த இலையையும் கண்ணை மூடி மோந்தே சொல்கிறவன் நான். மதுரை டாக்டர் ஒருவரே கார் போட்டு வந்து என்னிடம் கேட்டுப் போனார். "அந்த ஊர்க் குளிருக்கு வில்வம் கொடியாத்தான் ஓடும். பறிச்சு சாமிக்குப் போடு ஆத்தா" என்றேன்.

இன்று மாப்பிள்ளை போன் செய்தார். சுமதிக்கு இரண்டு கையும் கொப்புளமாம். பிள்ளையைத் தூக்க முடியவில்லையாம்.

"அது வெசக்கொடி மாமா. மூணு எலைன்னா கிட்டப் போகக்கூடாதுன்னு இங்க சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். ஒங்களுக்கு மட்டும் அது சிவன் எலை!"

எனக்கு நம்பிக்கை இல்லை. நம்மூர்ச் செந்தட்டி தொட்டவுடனே அரிக்கும். அதில் ஒரு நேர்மை உண்டு. இது ஒரு நாள் பொறுத்துக் கொப்புளம் போடுமாம். மாப்பிள்ளைக்குப் பூஜை என்றாலே ஆகாது, அதுவும் உறுத்துகிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வில்வத்துக்கு முள் இருக்கும். இதில் இல்லை. முள்ளை மறைத்துப் படம் எடுத்தார்களோ?

சாயங்காலம் கோவிலில் குருக்கள் வில்வம் நீட்டினார். என் கை தானாகப் பின்னால் போனது.

"இது எந்த மரத்துல பறிச்சீங்க சாமி?"

அவர் சிரித்தார். "ஒங்க கையால நட்டதுன்னு ஊரெல்லாம் சொல்லுவீங்களே, அந்த மரம்தான்."

வாங்கிச் சட்டைப் பையில் போட்டேன். சட்டையைக் கழற்றி வாசலில் தொங்கவிட்டிருக்கிறேன். உள்ளங்கையில் லேசாக நமைச்சல். ஒரு நாள் பொறுத்துத்தான் கொப்புளம் போடுமாமே. சுமதி பிள்ளையைத் தூக்கினாளோ என்னவோ.